மூன்றாம் ஓலைக்கு வந்த தடை

துர் உபதேசத்தைக் கண்டறிவது எப்படி என்று அச்சடித்த அறிவுரை ஒன்று இப்போது கிறிஸ்தவ சபைகளின் உபதேசிமார் எல்லாருக்கும் அனுப்பப்படுகிறதாம். அண்மையில் என்னைப் பார்க்க வந்த இளம் உபதேசியார் இருவர் அதை என் முன் விரித்து, "ஒங்க காலத்துல இப்படியெல்லாம் உண்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். படித்துப் பார்த்தேன். கோவையாக, பிழையின்றி எழுதியிருக்கிறார்கள். ஆயினும் ஒரு குறை சொன்னேன்: பசியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

இருவரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. தென்காசி வட்டாரச் சபைகளில் இருபதாண்டுக்கு மேல் ஊழியம் செய்தவன் என்ற முறையிலும், அந்த ஊழியத்துக்கு முன்பே சொற்போர் மேடைகளில் பெயர் பெற்றவன் என்ற முறையிலும், இதை விளக்கும் கடமை எனக்கு உண்டு.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் படித்தபோது எங்கள் சொற்பயிற்சிக் கழகத்தார் தாமிரபரணியின் இக்கரையில் நின்று, அக்கரையில் துணி துவைப்பவர் நிமிர்ந்து பார்க்கும்வரை பேச வேண்டும் என்பது ஏற்பாடு. மற்றவர்கள் பேசியபோது அக்கரைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் பேசியபோது துவைப்பதையே நிறுத்தினார்கள். வலக்கை உயர வேண்டிய இடம், இடக்கை தாழ வேண்டிய இடம், கேள்விக்குப் பின் எவ்வளவு நேரம் மௌனம் காக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதன்பின் வேதசாஸ்திரப் பயிற்சி. அதன்பின் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் தென்காசிக்கு உபதேசியாராக அனுப்பப்பட்டேன். துர் உபதேசம் எங்கே தலைதூக்கினாலும் ஒரே மேடையில் அதை வெட்டிச் சாய்ப்பது என்று ரயிலில் வரும்போதே முடிவு செய்திருந்தேன்.

எனக்கு மேலே இருந்த குருவானவரை எல்லாரும் ஐயர் என்றுதான் அழைப்போம். ஞானசிகாமணி ஐயர். கனத்த உடம்பு. பிறர் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். கேட்கிறாரா தூங்குகிறாரா என்பது கடைசிவரை தெரியாது. எந்த நெருக்கடியைக் கொண்டு போனாலும் அவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல், "உக்காரும்" என்பதே. ஊர் தீப்பற்றி எரிகிறது என்றாலும் உட்கார்ந்த பிறகுதான் சொல்ல முடியும்.

துர் உபதேசம் என்று புகார் வந்தால் அவர் பின்பற்றும் முறை மாறாதது. சொன்னவர் வாயாலேயே அதைக் கேட்பார். கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி, "இதுதானே நீரு சொல்லுதது?" என்று கேட்டு, அவர் "அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டார். பிறகு அது எந்த வேத வாக்கியத்தின் மேல் நிற்கிறது என்று கேட்டு, அதை முழுமையாக வாசிக்கச் சொல்வார். கடைசியாக ஒன்று பார்ப்பார். அந்த உபதேசத்தைக் கைக்கொள்வதால் வரும் கஷ்டம் யார் தலையில் விழுகிறது, போதிப்பவர் தலையிலா, கேட்பவர் தலையிலா என்பது. இந்த நான்குக்கும் நடுவே வாதம் என்ற ஒன்றுக்கு இடமே இல்லாதது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது.

நான் கொண்டு போன முதல் புகாரை இப்போதும் சரியானது என்றே கருதுகிறேன். ஆராதனையின் நடுவே ஒரு பெண் தன் எருமையைப் பெயர் சொல்லி, அதற்காகச் சத்தமாக ஜெபித்துவிட்டாள். மிருகங்களுக்கு ஆத்துமா உண்டென்று சபையில் மறைமுகமாகப் போதிக்கப்படுகிறது என்று ஐயரிடம் வாதித்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"எருமை எத்தன படி பால் கறக்கும்?"

சொன்னேன்.

"இது துர் உபதேசம் இல்லவே. நல்ல எருமை."

அடுத்து வந்த ஒருவர் மருந்து உண்பது பாவம் என்று போதித்தார். அவரை மேடைக்கு அழைக்க நான் கெஞ்சாத குறை. ஐயர், "கொஞ்சம் பொறும், அவருக்கு வயசு அம்பதாச்சு" என்றார். சில வாரங்களில் அவருக்குப் பல்வலி வந்தது. கிராம்புத் தைலம் மருந்தன்று, வாசனைத் திரவியமே என்று புதிய விளக்கம் கொடுத்தார். சபையார் சிரித்த சிரிப்பில் அந்தப் போதனை முடிந்தது. என் சொற்பொழிவு அப்படியே கையிருப்பில் தங்கிவிட்டது.

இனி, கடினமான அந்த ஒரு வழக்கு.

முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சாரல் பருவத்தில், மலைக்கு அந்தப்புறமிருந்து சீயோன் தாசர் என்பவர் வந்தார். ஆறடி உயரம், மார்பு மறைக்கும் தாடி, பேச்செல்லாம் வேதநடை. இந்தச் சாரல் முடிவதற்குள் கர்த்தரின் வருகை நிகழும் என்பது அவருடைய போதனை. ஆகவே விசுவாசிகள் யாரும் பெண் எடுக்கவும் கூடாது, பெண் கொடுக்கவும் கூடாது. நோவாவின் காலத்தார் கலியாணம் பண்ணிக்கொண்டிருந்தபோதுதான் வெள்ளம் வந்து வாரிக்கொண்டு போனது என்று வேதம் எச்சரிக்கிறதல்லவா என்பார்.

இலஞ்சிக்கு அருகே எங்கள் சிறிய சபை ஒன்றில், வேதமாணிக்கம் என்ற விவசாயி வீட்டில் அவர் தங்கினார். வெளியூர்ப் போதகருக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சாப்பாடு போடுவது அச்சபையின் வழக்கம். எனினும் வேதமாணிக்கத்தின் மனைவி செல்லத்தாயின் கைப்பக்குவத்தைக் கண்டபின் சீயோன் தாசர் மற்ற வீடுகளின் முறையை மெல்ல மறந்துவிட்டார்.

அவ்வீட்டு மகள் கிருபைக்குக் கடையத்தில் ஒரு பள்ளி ஆசிரியரோடு நிச்சயமாகியிருந்தது. அவளுக்கு முன்பே ஒரு நிச்சயம் பேசித் தவறியிருந்தது, இது இரண்டாவது. இதுவும் தவறினால் மூன்றாவதாக யாரும் அந்த வாசற்படி ஏறமாட்டார்கள் என்பது ஊரறிந்தது. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்பது எங்கள் சபை முறை. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, யாருக்காவது நியாயமான தடை தெரிந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பதே அந்த ஓலை. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலையை நான் வாசித்தேன்.

ஓலையை முணுமுணுத்து முடித்துவிடும் உபதேசிமார் உண்டு. நான் அப்படியல்லன். "தடை உண்டா?" என்று கேட்டுவிட்டுக் குரலை நிறுத்தி, இடமிருந்து வலமாகச் சபையை ஒருமுறை பார்த்தேன். கேள்விக்குப் பின் வரும் அந்த மௌனம்தான் ஒரு பேச்சாளனின் அளவுகோல். அந்த மௌனத்தில் வேதமாணிக்கம் எழுந்தார்.

"தடை இருக்கு."

பெண்ணைப் பெற்ற தகப்பனே தடை சொன்னதை நான் கேள்விப்பட்டதில்லை. "என்ன தடை?" என்றேன்.

"கலியாணத்துக்குக் குறிச்ச நாளைக்கு முன்னால கர்த்தர் வந்திருவாரு."

மாப்பிள்ளையின் தாய்மாமன் தேவசகாயம் ஓலை கேட்பதற்காகக் கடையத்திலிருந்து ரயிலேறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"சம்மந்தி, கர்த்தர் ஒங்களுக்கு மட்டும் ஆள் விட்டாராக்கும்? எங்க ஊருக்கு ஒண்ணும் சொல்லலியே!"

ஆராதனை முடிந்ததும் அவர் என்னிடம் வந்து தெளிவாகச் சொல்லிவிட்டார். "உபதேசியாரே, அடுத்த ஞாயித்துக்கெழம மூணாம் ஓலைய தடையில்லாம வாசிக்கலேன்னா நாங்க வேற எடம் பாத்துக்கிடுதோம். எங்க அக்கா ஏற்கனவே முனங்கிக்கிட்டுக் கெடக்கா."

ஒரு வாரம் இருந்தது. ஐயர் வெளியூரில் இருந்தார். நான் சீயோன் தாசரை மேடைக்கு அழைத்தேன். அவர் அஞ்சவில்லை. இடம் மட்டும் தாம் சொல்வதே என்றார். குற்றாலத்தில், பேரருவிக்கு எதிரே, திரளான ஜனங்கள் கூடுமிடத்தில் என்றார். நானும் சம்மதித்தேன். தாமிரபரணியின் அக்கரை வரை எட்டிய குரல் அருவிக்கு அடங்குமா?

அடங்கியது. ஆனால் அவருடைய குரலும் அடங்கியது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அவ்வாண்டு அருவி பொங்கி விழுந்துகொண்டிருந்தது. உடம்பெங்கும் எண்ணெய் பூசிய நூற்றுக்கணக்கானோர் எங்களைச் சூழ்ந்து நின்று, எங்கள் உதடுகள் அசைவதைப் பார்த்தார்கள். அவர் தாடியை உதறினார். நான் வலக்கையை உயர்த்தினேன். அவர் வானத்தைக் காட்டினார். நான் அவர் காட்டிய வானத்தையே மறுபடியும் காட்டி, அதற்கு வேறு பொருள் உண்டு என்று ஒரு வீச்சு வீசினேன். ஜனங்கள் கைதட்டினார்கள். எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி ஒருவர் என் காதருகே வந்து கத்தினார்:

"சாமி, என்ன சொன்னியன்னு வெளங்கல. ஆனா கை பிரமாதம்! நம்ம தொழிலுக்கு வந்தியன்னா நல்லா வருவிய!"

வெற்றி என்னுடையது என்பதில் அங்கே யாருக்கும் ஐயமில்லை. ஆனால் வேதமாணிக்கத்திடம் போய், "என்ன சொல்லுதிய?" என்று கேட்டபோது அவர், "ரெண்டு பேரு பேசினதும் எனக்குக் கேக்கல. அதனால தடை அப்படியே இருக்கு" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை; அந்த மனிதருக்குக் கிண்டல் வராது. மகள்மேல் உயிரையே வைத்திருந்தவர். அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டு அக்கினியில் விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் பத்து நாளாகக் கண்மூடவில்லை என்று செல்லத்தாய் பிறகு சொன்னாள்.

சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன் ஐயர் வந்து சேர்ந்தார். தடை என்று சபையில் சொல்லப்பட்டால் இரு தரப்பாரையும் வைத்து விசாரித்தாக வேண்டும். சீயோன் தாசர் எங்கள் சபைக் கோயிலுக்கு வர மறுத்ததால் விசாரணை வேதமாணிக்கத்தின் வீட்டிலேயே நடந்தது. முன்னறையில் ஐயர், நான், வேதமாணிக்கம், தேவசகாயம், எதிரே சீயோன் தாசர். சுவருக்கு அந்தப்புறம் அடுக்களை. கோழிக்குழம்பு கொதிக்கும் வாசனை விசாரணைக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

நான் எழுந்து தொண்டையைச் செருமினேன்.

"உக்காரும்" என்றார் ஐயர்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு சீயோன் தாசரைப் பேசச் சொன்னார். அவர் அரைமணி பேசினார். ஐயர் அதை இரண்டே வாக்கியமாகத் திருப்பிச் சொல்லி, "இதுதானே நீரு சொல்லுதது?" என்றார்.

"இன்னும் ஆழம் உண்டு, ஐயரே."

"ஆழத்தையும் சொல்லும்."

ஆழத்தையும் சொன்னார். ஐயர் அதையும் திருப்பிச் சொன்னார். நான்காம் முறைதான் சீயோன் தாசர் களைத்துப்போய், "ஆம், அதுவே" என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பின் ஐயர் கிருபையைக் கூப்பிட்டார்.

"நீ என்னம்மா சொல்லுத?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கர்த்தர் வந்தார்னா நானே அவர்ட்ட கேட்டுக்கிடுதேன் அய்யரே. நீங்க ஓலைய வாசிங்க."

"கன்னிகையின் நாவு நீளலாகாது" என்றார் சீயோன் தாசர். கிருபை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஐயர் என் பக்கம் திரும்பினார். "அந்த வேத வாக்கியத்த முழுசா வாசியும். ஒம்ம கோயில் குரல்ல வாசியும்."

இந்த இடத்தில் என் பங்கைக் குறைத்துச் சொல்வது உண்மைக்கு விரோதம். நோவாவின் காலத்தார் செய்தவை நான்கு. நான்கு வினைக்கும் உரிய இடம் விட்டு, உரிய எடை கொடுத்து, சுவர் அதிர வாசித்தேன். உண்டார்கள். குடித்தார்கள். பெண் எடுத்தார்கள். பெண் கொடுத்தார்கள். வெள்ளம் வந்தது.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. கையில் அகப்பையோடு செல்லத்தாய் வாசலில் வந்து நின்றாள்.

"உபதேசியாரே, நாலா சொன்னிய?"

"நாலுதான்."

"இவ்வளவு நாளா இவரு ரெண்டுல்லா சொன்னாரு!"

சீயோன் தாசர் கையை உயர்த்தினார். "சகோதரியே, உணவு சரீரத்தின் தேவை. விவாகமோ மாம்சத்தின் இச்சை. இரண்டும் ஒன்றல்ல."

"அது ஒமக்கு. வேதத்துல ஒரே வரியிலதான கெடக்கு? எம்மவ கலியாணத்துக்கு ஆகாதது கோழிக்கொழம்புக்கு மட்டும் ஆகுமோ?"

ஐயர் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். தீர்ப்பு மிகச் சுருக்கமானது. உபதேசத்தைப் பாதி எடுத்துப் பாதி விடுவது சபைக்குத் தகுந்ததல்ல. இந்த வீட்டார் இதைக் கைக்கொள்வதானால் நான்கையும் விட்டுவிடட்டும். போதித்தவரும் அவர்களோடு கைக்கொள்ளட்டும். விசாரிக்க வந்தவர்களும் கூடவே இருந்து சோதித்துப் பார்ப்பார்கள். பொழுது சாயட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்.

"விசாரிக்க வந்தவங்களுமா?" என்றேன்.

"உக்காரும்."

செல்லத்தாய் அடுப்பில் தண்ணீர் ஊற்றிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. கிணற்றடியில் நின்ற மற்ற வீட்டுப் பெண்களிடமும் நாலு வினையையும் ஒப்பித்துவிட்டு வந்தாள். ஆக, சீயோன் தாசருக்கு ஊரில் எந்த அடுப்பும் எரியாது என்று உறுதியாயிற்று.

அந்தப் பிற்பகலைப் போல் நீண்ட பிற்பகல் என் வாழ்வில் இல்லை. வெளியே சாரல். சாரல் காற்று பசியைக் கிளப்பும் என்பது இப்பக்கத்தார் அறிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பலாப்பழம் வெட்டினார்கள். தண்ணீருமில்லை, குடித்தலும் நான்கில் ஒன்றல்லவா? ஐயர் சாய்ந்து கண்ணை மூடினார். இம்முறை ஐயத்துக்கிடமின்றிக் குறட்டை விட்டார். தேவசகாயம், "நான் மாப்பிள்ள வீட்டுக்காரன், எனக்குமாவே இது?" என்று என்னிடம் முனகினார். வேதமாணிக்கம் மட்டும் முழங்காலில் நின்று, உண்மையாகவே ஜெபித்துக்கொண்டிருந்தார். சீயோன் தாசர் முதலில் தியானித்தார். பிறகு தாடியைத் தடவினார். பிறகு அடுக்களைப் பக்கமாகக் காதைச் சாய்த்தார். மூன்று முறை எழுந்து மூன்று முறை உட்கார்ந்தார்.

விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே அவர் நடுவீட்டில் நிமிர்ந்து நின்று இரு கைகளையும் விரித்தார்.

"எனக்கு வெளிப்பாடு உண்டாயிற்று! கர்த்தர் இன்னும் சற்றுத் தாமதிக்கிறார். இவ்வீட்டார் பெண் கொடுக்கலாம். உண்ணலாம். குடிக்கலாம்."

"எத மொதல்ல?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"உண்பதை" என்றார் தீர்க்கதரிசி.

என் வாழ்நாள் தருணம் அது. பொய்த் தீர்க்கதரிசிகளைப் பற்றிய என் முழுச் சொற்பொழிவும் நாவின் நுனியில் நின்றது. எழுந்தேன். எனக்கு முன் வேதமாணிக்கம் எழுந்துவிட்டார்.

"வேய், எம்மவ கலியாணத்த நிறுத்தச் சொல்லையில கர்த்தரு ஒரு நாளு தாமதிக்க மாட்டாருன்னீரு. அவ அழுதா, நான் கல்லு மாதிரி நின்னேன், ஒம்ம சொல்லுக்காக. ஒமக்கு ஒருநேரச் சோறு நின்னதும் அவரு தாமதிச்சிட்டாராக்கும்?"

சீயோன் தாசர் மறுபடியும் அடுக்களைப் பக்கமாகக் காதைச் சாய்த்தார்.

"வெறும் வயித்தோட எங்க வீட்டுலருந்து யாரும் போனதில்ல" என்றார் வேதமாணிக்கம். "சாப்பிட்டுட்டுப் போரும். ஏட்டி, அடுப்பப் பத்தவையி."

நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். பேச்சின் முதல் வாக்கியத்தைத் தொடங்கியும் விட்டேன்.

"உக்காரும்வே" என்றார் ஐயர், குறட்டையிலிருந்து நேராக. "எல போடுதாவ."

சீயோன் தாசர் நிறைவாகவே உண்டார். யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. செங்கோட்டைச் சாலையில் குடையும் தாடியுமாக அவர் போனதோடு அவரைப் பற்றிய செய்தி எங்கள் வட்டாரத்தில் முடிந்தது.

மறுநாள் ஆராதனையில் வேதமாணிக்கம், முன்பு எழுந்து நின்ற அதே இடத்தில் எழுந்து, சொன்ன தடையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஓலையை வாசித்து முடித்தேன். ஆனால் கோயிலை விட்டு வெளியே வரும்போது தேவசகாயத்துக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. பட்டினியில் அந்தப் போதனை கொஞ்சம் அவருக்குள்ளும் இறங்கிவிட்டது போலும்.

"சம்மந்தி, அந்தாளு கெடக்கட்டும். நெசமாவே கலியாணத்தன்னைக்குக் கர்த்தர் வந்துட்டார்னா?"

சீயோன் தாசரின் போதனைக்கு நான் மூன்று தலைப்பில் மறுப்பு வைத்திருந்தேன். ஐயரிடமும் ஏதாவது இருந்திருக்கும். வேதமாணிக்கம் யாரையும் பார்க்கவில்லை.

"வரட்டும் சம்மந்தி. மொதப் பந்தியில அவருக்கு எல போட்டு வைக்கேன்."

சொன்னபடியே செய்தார். கலியாணத்தன்று பந்தலில் முதல் வரிசையில், மாப்பிள்ளைக்கு அடுத்த இடத்தில் ஒரு தலைவாழை இலை. விசேஷப் பிரசங்கியார் என்ற முறையில் அது எனக்குரியது என்றெண்ணி நான் அதை நோக்கி நடந்தேன். கிட்டே போனதும் அது யாருக்குப் போட்ட இலை என்று நினைவு வந்து, இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பது என்று தீர்மானித்தேன். செல்லத்தாய் மற்ற இலைகளுக்குப் பரிமாறியது போலவே அதற்கும் பரிமாறிக்கொண்டு வந்தாள். இரண்டாம் சுற்றுப் பாயசம் வந்தபோது அந்த இலையருகே கொஞ்சம் குனிந்து, "இன்னும் ஊத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றினாள்.